மெட்ரோ படத்தைக் கணினி வரைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் பெட்டியின் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் வண்ணக் கோட்டுப் படத்தை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்க்காத மெட்ரோ பயணி அநேகமாக இருக்க மாட்டார். அந்தப் படங்களைக் கணினி நிரல் எழுதி வரைந்து பார்ப்பது சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. இப்போது பாதித் தொழிலாகவும் ஆகிவிட்டது. நண்பர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

மெட்ரோ படம் உண்மையான வரைபடம்தானா?

இல்லை. ஊர்ப்படம், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். மெட்ரோ படம், எதற்கு அடுத்தது எது, எங்கே இறங்கி வண்டி மாறுவது என்று மட்டும் சொல்லும். சுரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்டவாளம் எந்தத் தெருவுக்குக் கீழே வளைகிறது என்பது வேண்டாத செய்தி.

இந்த எண்ணத்தை உலகெங்கும் பரவச் செய்தவர் லண்டனைச் சேர்ந்த ஹாரி பெக். சிக்னல் பிரிவில் வரைவாளராக இருந்தவர். 1931-இல் அவர் போட்டுக்கொடுத்த கோட்டுப் படத்தை, இது மிகவும் விநோதமாக இருக்கிறது என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933 ஜனவரியில் சட்டைப்பை அளவில் அச்சடித்துக் கொடுத்தபோது பயணிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் செய்தது இவ்வளவுதான்: கோடுகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 45 பாகைச் சாய்வாகவும் நேராக்கினார், நெரிசலான நகர மையத்தை விரித்தார், தொலைவான புறநகரைச் சுருக்கினார். தரைக்கு மேலே இருப்பவற்றில் தேம்ஸ் ஆற்றை மட்டும் விட்டுவைத்தார்.

அந்த ஆற்றை 2009-இல் படத்திலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ஊரே கொதித்தது. சில மாதங்களில் ஆறு திரும்ப வந்துவிட்டது. ரயிலில் போகிறவருக்கு ஆற்றால் ஒரு பயனும் இல்லைதான். ஆனாலும் தான் ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று ஒரு பிடிமானம் மனிதருக்கு வேண்டியிருக்கிறது.

இப்படித் திரித்து வரைவது பயணியை ஏமாற்றுவது ஆகாதா?

சில சமயம் ஆகும். லண்டனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். படத்தில் மற்ற நிலையங்களைப் போலவே இடைவெளி விட்டிருப்பதால், நடந்தால் முடிந்துவிடும் தூரத்துக்குப் படியிறங்கி டிக்கெட் எடுத்து ரயில் ஏறுகிறார்கள் சுற்றுலாப் பயணிகள். லண்டன் பயணிகள் எந்தத் தடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2011-இல் ஆராய்ந்தார். உண்மையில் ஆகும் நேரத்தைவிடப் படத்தில் தெரியும் நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு செல்வாக்குச் செலுத்துகிறது என்பது அவர் கண்டது. நாள்தோறும் போகிறவர்கள்கூட இதில் சேர்த்தி. வரைபவரின் கையில் அவ்வளவு அதிகாரம் இருக்கிறது.

நியூயார்க்கில் கதை வேறு மாதிரி போனது. 1972-இல் மாசிமோ விக்னெல்லி போட்ட கோட்டுப் படம் வடிவமைப்பாளர்களுக்கு இன்றும் வேதம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெருக்கள் கட்டம் கட்டமாக மனப்பாடம். நீளமான சென்ட்ரல் பூங்கா சதுரமாகக் கிடப்பதைக் கண்டதும் அவர்களுக்கு மற்ற எதிலும் நம்பிக்கை போய்விட்டது. 1979-இல் ஊரமைப்பை ஒட்டிய படம் வந்தது. 2025-இல் மறுபடி கோட்டுப் பாணிக்கே திரும்பிவிட்டார்கள்.

நல்ல ஓவியர் ஒருவர் போதாதா? கணினி எதற்கு?

சுவரில் ஒட்டும் ஒரே ஒரு படம் போதும் என்றால் ஓவியரே போதும்; அவர் வரைவது இன்றும் கணினியைவிட அழகாகவே இருக்கும். ஆனால் சனி, ஞாயிறு பராமரிப்புக்காக ஒரு பகுதியை மூடினால் அந்த இரண்டு நாளுக்கு ஒரு படம் வேண்டும். இரவு ரயிலுக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் வருவோருக்கு மின்தூக்கி உள்ள நிலையங்களை மட்டும் காட்டும் ஒன்று, கைப்பேசியின் ஒடுங்கிய திரைக்கு ஒன்று, ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று. இவற்றை வாரந்தோறும் கையால் வரைய எந்த அலுவலகத்திலும் ஆள் வைக்க மாட்டார்கள்.

கணினிக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

நிலையங்களின் பட்டியல், அவற்றின் இருப்பிடம், எந்தத் தடம் எந்த வரிசையில் எவற்றைத் தொடுகிறது என்ற விவரம். போக்குவரத்து அட்டவணைகளை எல்லா ஊர்களும் ஒரே அமைப்பில் எழுத ஜிடிஎஃப்எஸ் என்றொரு வடிவம் இருக்கிறது. 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. சாதாரண உரைக் கோப்புகள்தான். யாரும் திறந்து படிக்கலாம்.

எளிது என்று நினைத்து உட்கார்ந்தால் முதல் இரண்டு நாள் குப்பை பெருக்குவதிலேயே போய்விடும். ஒரே நிலையத்தின் இரண்டு நடைமேடைகள் இரண்டு நிலையங்களாகப் பதிவாகியிருக்கும். ஒன்றில் ‘சென்ட்ரல்’, மற்றொன்றில் ‘சென்ட்ரல் மெட்ரோ’. ஆள் பார்த்தால் ஒன்று என்று தெரியும். நிரலுக்கு அவை அண்டை வீடுகள். எத்தனை மீட்டருக்குள் இருந்தால், பெயர் எவ்வளவு ஒத்திருந்தால் இரண்டையும் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இந்த வேலையைச் சரியாகச் செய்யாமல் மேலே போனால் பிறகு எந்தக் கணக்கும் கைகொடுக்காது.

எந்த விதிகளின்படி வரைகிறது?

மீறவே கூடாத விதிகள், முடிந்தவரை காக்க வேண்டிய விதிகள் என்று இரண்டு வகை. முதல் வகையில் முக்கியமானது திசை. ஒவ்வொரு கோடும் எட்டுத் திசைகளில் ஒன்றில்தான் போக வேண்டும். எண்திசை என்ற சொல்லை நாம் வெகுகாலமாக வைத்திருப்பதால் இந்தப் படங்களை ‘எண்திசைப் படம்’ என்றே நான் எழுதுகிறேன். அடுத்தது, ஒரு நிலையத்திலிருந்து கிளம்பும் கோடுகளின் சுற்று வரிசை ஊரில் உள்ளபடியே இருக்க வேண்டும். வடக்கே போகும் தடத்துக்கு வலப்பக்கம் இருந்தது இடப்பக்கம் போய்விடக் கூடாது. உண்மையில் வெட்டாத கோடுகள் படத்திலும் வெட்டக் கூடாது. இரண்டு நிலையங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் வகையில் வருபவை: தடம் அடிக்கடி முறியாமல் நேராக ஓட வேண்டும், இடைவெளிகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நிலையமும் பக்கத்து நிலையத்துக்கு ஊரில் எந்தத் திசையில் இருக்கிறதோ அதை ஒட்டியே இருக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று சண்டையிடும். எதற்கு எவ்வளவு எடை என்று எண்களாகக் கொடுப்பதுதான் வரைபவரின் ரசனை வெளிப்படும் இடம்.

ஓர் ஊரை எடுத்துக்கொண்டு காட்ட முடியுமா?

சென்னையின் முதல் கட்ட மெட்ரோ இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. நீலத் தடமும் பச்சைத் தடமும் சென்ட்ரலில் பிரிந்து ஆலந்தூரில் மீண்டும் சந்திக்கின்றன. நடுவில் ஒரு வளையம். நீலத்தில் அரசினர் தோட்டம் முதல் கிண்டி வரை ஒன்பது நிலையங்கள். ஆகவே பத்து இடைவெளிகள். பச்சையில் எழும்பூர் முதல் ஈக்காட்டுத்தாங்கல் வரை பதினான்கு நிலையங்கள், பதினைந்து இடைவெளிகள்.

ஆலந்தூர் சென்ட்ரலுக்குத் தென்மேற்கே இருக்கிறது. அதனால் நீலத்தைத் தென்மேற்குச் சாய்வில் ஒரே நேர்கோடாக இழுக்கலாம். இடைவெளிக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்தால் மொத்தம் 10 செ.மீ. பச்சை, சின்னச் சின்ன வளைவுகளை விட்டுவிட்டால், மேற்கே போய்த் திருமங்கலத்தில் தெற்கே திரும்புகிறது. ஆக நீலம் ஒரு சதுரத்தின் மூலைவிட்டம். பச்சை அதன் இரண்டு பக்கங்கள். மூலைவிட்டம் 10 என்றால் பக்கம் 7.07. திருமங்கலம் வரை எட்டு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 0.88 செ.மீ. அங்கிருந்து ஆலந்தூர் வரை ஏழு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 1.01 செ.மீ. எந்தக் கணக்குப் புலியும் திட்டமிடாமல் ஊர் தானாகவே இப்படி விழுந்திருக்கிறது. முதல் முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பெயர்களை எழுதத் தொடங்கியதும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த அமைப்பைக் கணினி எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று சுருள்வில் முறை. நிலையங்களை மணிகளாகவும் கோடுகளைச் சுருள்வில்களாகவும் எண்ணிக்கொண்டு, காந்தம் போல எட்டுத் திசைகளை நோக்கி இழுக்கும் விசையையும் சேர்த்து, எல்லாம் அடங்கும்வரை ஆடவிடுவது. சியோக்-ஹீ ஹாங், டேமியன் மெரிக் முதலியோர் 2004-இல் இதைக் காட்டினார்கள். வேகமானது, ஆனால் ‘ஏறக்குறைய 45 பாகை’ என்று நின்றுவிடும். கண் அந்த ஏறக்குறையை உடனே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது மலையேற்ற முறை. ஒரு நிலையத்தைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்திப் பார். விதிகளைக் காப்பதற்குப் போடும் மதிப்பெண் கூடினால் அங்கேயே வை, இல்லையென்றால் திரும்பக் கொண்டுவா. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஸ்டாட்டும் பீட்டர் ராட்ஜர்ஸும் செய்தது. சின்னக் குன்றின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு இதுதான் இமயம் என்று நினைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு.

மூன்றாவது, விதிகள் எல்லாவற்றையும் சமன்பாடுகளாகவும் சமனின்மைகளாகவும் எழுதி, முழு எண்களில் விடை தேடும் நிரலிடம் ஒப்படைப்பது. மார்ட்டின் நொல்லன்புர்க்கும் அலெக்சாண்டர் வோல்ஃபும் செய்தது. மீறக் கூடாத விதி இதில் மீறப்படவே படாது. நேரம்தான் பிரச்சினை, பெரிய ஊருக்கு மணிக்கணக்கில் ஓடும். 2020-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்னா பாஸ்ட், பாட்ரிக் புரோசி, கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சபீனே ஷ்டோராண்ட் மூவரும் படத்தைக் கட்டத்தாளில் வழி தேடும் கணக்காக மாற்றி, வினாடிகளில் முடிக்கும் வழியைக் காட்டினார்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், எண்திசைப் படம் போட முடியுமா என்ற கேள்வியே என்பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்தது. ஊர் பெரிதாகப் பெரிதாக எல்லா ஊருக்கும் விரைவாகச் சரியான விடை தரும் வழி இதுவரை யாரிடமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சாய்வுக் கோடுகளை விலக்கி நான்கு திசைகளோடு நின்றால், மிகக் குறைந்த வளைவுகளோடு வரைவதை விரைவாகவே கணக்கிடலாம், 1987-லேயே நிறுவிவிட்டார்கள். தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்ததும் கணக்கு முறுக்கிக்கொள்கிறது.

ஒரே பாதையில் பல தடங்கள் ஓடினால்?

லண்டனில் பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை மூன்று தடங்கள் ஒரே தண்டவாளத்தில் போகின்றன. மூன்றையும் பக்கம் பக்கமாக வரைய ஆறு வரிசைகள் சாத்தியம். பத்துத் தடங்கள் என்றால் 36 லட்சத்தைத் தாண்டும். எந்த வரிசையில் வைத்தால் பிரியும் இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறைவாக வெட்டும் என்பது தனியொரு ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. சென்னையிலும் இரண்டாம் கட்டத்தில் ஆற்காடு சாலையில் இரண்டடுக்குப் பாலத்தில் இரு தடங்கள் சேர்ந்தே போகப்போகின்றன. அப்போது நமக்கும் இது வீட்டுக் கேள்வி ஆகிவிடும்.

கோடு போட்டாயிற்று. பெயர் எழுதுவது அவ்வளவு பெரிய வேலையா?

என் அனுபவத்தில் அதுதான் பாதி வேலை. சில ஊர்களில் முக்கால்.

ஒரு புள்ளியைச் சுற்றிப் பெயர் வைக்க எட்டு இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நிலையங்களுக்கு எத்தனை சேர்க்கை? 1-க்குப் பின்னால் 36 பூஜ்யம் போட வேண்டும். ஒன்றையொன்று மறைக்காமல் பெயர் வைப்பதும் என்பி-கடினம்தான். 1991 முதல் தெரியும். எது நல்ல இடம் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் வரைபட வல்லுநர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-லேயே விதிகள் எழுதிவைத்தார். அவர் சொன்னதில் தலையாயது: பெயர் எந்தப் புள்ளியுடையது என்பதில் சந்தேகமே வரக் கூடாது.

அதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. வீட்டுத் திருமண அழைப்பிதழில் மண்டபத்துக்கு வழி காட்ட நானே ஒரு சிறு மெட்ரோ படம் போட்டுக் கொடுத்தேன். மண்டபத்தின் பெயர் அசோக் நகருக்குரியது. இடம் போதாமல் வடபழனிப் புள்ளிப் பக்கம் ஒரு நூல் நகர்ந்துவிட்டது. முகூர்த்தத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கையில் சித்தப்பா கைப்பேசியில் அழைத்தார். “தம்பி, நீ போட்ட படத்தைப் பார்த்துத்தான் வடபழனியில் இறங்கினேன். மண்டபத்தைக் காணோமே?” ஒரு நூல் என்பது அச்சில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவருக்கு அது ஆட்டோ கட்டணம்.

பெக் இதற்கும் ஓர் எளிய தந்திரம் வைத்திருந்தார். சாதாரண நிலையத்துக்குப் புள்ளி வைக்காமல் கோட்டிலிருந்து பெயர் இருக்கும் பக்கமாக ஒரு சிறு குச்சியை நீட்டினார். குச்சி எந்தப் பக்கமோ பெயரும் அந்தப் பக்கம்; கண் தேட வேண்டியதில்லை.

சென்னைப் படத்தில் பெயர் எழுதியபோது என்ன ஆயிற்று?

நீலச் சாய்விலும் பச்சையின் தெற்குக் கோட்டிலும் தொல்லை இல்லை. பெயரைக் கிடையாக எழுதலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக அமர்ந்துகொள்ளும். சிக்கல் சென்ட்ரலிலிருந்து திருமங்கலம் வரை ஓடும் கிடைக்கோட்டில். இடைவெளி 0.88 செ.மீ.; ‘பச்சையப்பன் கல்லூரி’ என்பதைப் படிக்கிற அளவில் எழுதினாலே இரண்டரை செ.மீ. ஆகிறது. கிடைக்கோடு பெயர்களுக்குப் பகை என்பது இந்தத் தொழிலின் பால பாடம்.

சரி, 45 பாகை சாய்த்துக் கோட்டுக்கு மேலே எழுதுவோம் என்று பார்த்தேன். சென்ட்ரலைத் தாண்டி வடக்கே தொடரும் நீலத்தை நான் அங்கிருந்து நேர் வடக்கே இழுத்திருந்தேன். ‘எழும்பூர்’ சாய்ந்து ஏறி அதில் போய் முட்டியது. கோட்டுக்குக் கீழே எழுதினால் மறுகோடியில் ‘அண்ணா நகர் டவர்’ திருமங்கலத்திலிருந்து இறங்கும் பச்சையை வெட்டியது. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்கள் படிக்க முடியாது. இடைவெளியை நீட்டினால் சதுரம் போய்விடும், நீலம் முறியும்.

விடை பெயரில் இல்லை, கோட்டில் இருந்தது. உயர் நீதிமன்ற நிலையம் ஊரில் உண்மையாகவே சென்ட்ரலுக்கு வடகிழக்கில்தான் இருக்கிறது. நீலத்தை அந்த ஓர் இடைவெளிக்கு மட்டும் வடகிழக்கே சாய்த்து, உயர் நீதிமன்றத்தில் வடக்கே திருப்பினேன். சாய்ந்த ‘எழும்பூர்’ இப்போது நீலக் கோட்டுக்கு இணையாக, 0.62 செ.மீ. தள்ளி ஓடியது. முட்டல் தீர்ந்தது, படமும் ஊருக்குக் கொஞ்சம் நெருங்கியது.

இதனால்தான் ‘முதலில் கோடு, பிறகு பெயர்’ என்று பிரித்துச் செய்யும் நிரல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுருள்வில் முறையில் பெயர் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. நொல்லன்புர்க்–வோல்ஃப் முறை இதில் கெட்டிக்காரத்தனமானது: இரண்டு மாறும் நிலையங்களுக்கு நடுவிலுள்ள பெயர்களை ஒரே பக்கமாகச் சேர்த்து ஓர் இணைகரமாக எண்ணி, அந்த இணைகரத்துக்கும் கோடுகளோடு சேர்த்தே இடம் ஒதுக்குகிறது. வீடு கட்டும்போதே பீரோ எங்கே நிற்கும் என்று பார்ப்பது போல.

தமிழ்ப் பெயர்கள் மட்டும் ஏன் நசுங்கியோ வெட்டுப்பட்டோ வருகின்றன?

பெயரின் அகலத்தை எழுத்தை எண்ணிக் கணிக்கும் நிரல்கள் இன்னும் உலவுகின்றன. ‘ஈக்காட்டுத்தாங்கல்’ நம் கணக்கில் பத்து எழுத்து. கணினிக்குள்ளோ அது பதினெட்டுக் குறியீடுகள். புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனி. பதினெட்டை வைத்து இடம் ஒதுக்கினால் வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடத்துக்காக நல்ல இடத்தை விட்டுவிட்டு மோசமான இடத்துக்குப் பெயர் தள்ளப்படும். பத்தை வைத்து ஆங்கில எழுத்தின் சராசரி அகலத்தால் பெருக்கினால் பெயர் பிதுங்கும். எழுத்துருவைக் கொண்டு வரைந்து பார்த்து அளப்பதே ஒரே வழி.

உயரத்திலும் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெயர் தலையில் ஒன்றும் சுமப்பதில்லை. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் கால்களும் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழை வைத்தால் ‘எழும்பூர்’ கால் இழந்து நிற்கும்.

மூன்றாவது, வரி உடைப்பது. நீளப் பெயரை இரண்டு வரியாக்கும்போது ‘வண்ணாரப்’ என்று முடித்துப் ‘பேட்டை’ என்று தொடங்குவோம். இடத்தை மட்டும் பார்க்கும் நிரல் ‘வண்ணார’ என்று முடித்து அடுத்த வரியை ‘ப்பேட்டை’ என்று தொடங்கும். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் வரியைப் பார்த்தாலே தமிழ்க் கண் சுளிக்கும். இதற்கு நான் அகராதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மெய்யில் வரி தொடங்காதே என்று ஒரே ஒரு விதி எழுதினேன். முக்கால்வாசித் தவறு நின்றுவிட்டது. மீதியை நிலையத்துக்கு ஒன்றாகக் கையால் குறித்துவைத்தேன். நாற்பது பெயர்களுக்கு அது ஒரு காப்பி குடிக்கும் நேரத்து வேலை.

மிக நீளமான பெயர்களை என்ன செய்வது?

2020-இல் சென்னையின் மூன்று நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டப்பட்டது. ‘அறிஞர் அண்ணா ஆலந்தூர் மெட்ரோ’ சமாளிக்கக் கூடியது. ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ’, ‘புரட்சித் தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா புறநகர் பேருந்து நிலைய மெட்ரோ’ இரண்டும் எந்த நிரலையும் வியர்க்கவைக்கும். அவற்றைச் சுருக்கும் உரிமை வரைபவருக்குக் கிடையாது. ஆனால் பயணி கண்ணால் தேடுவது ‘சென்ட்ரல்’ என்ற சொல்லை. அந்தச் சொல்லைப் பெரிதாகவும் மற்றதை அதன் மேலே சிறிதாகவும் இரண்டு அளவில் எழுதுவது என் வழக்கம். சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் கிழக்குப் பக்கம் காலியாக இருப்பதும், பேருந்து நிலையம் செங்குத்துக் கோட்டில் விழுந்திருப்பதும் நல்ல காலம்.

இரண்டு மொழிகளையும் ஒரே படத்தில் எழுதலாமா?

சுவர்ப் படத்தில் எழுதலாம், இடம் இருக்கிறது. கைப்பேசியில் வேண்டாம். அங்கே மொழிக்கு ஒரு படமாகத் தனித்தனியே கணக்கிடுவதே மேல், ஏனென்றால் ஒரு மொழிக்குப் பொருந்திய கோட்டமைப்பு இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்று இல்லை.

எந்த மொழியும் படிக்கத் தெரியாதவர்களுக்கு?

மெக்சிகோ நகர மெட்ரோ 1969-இல் திறந்தபோதே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் கொடுத்தார்கள். லான்ஸ் வைமன் தலைமையில் உருவான அமைப்பு; படிப்பறிவு இல்லாதவரும் சின்னத்தைப் பார்த்து இறங்கலாம். டோக்கியோ 2004-இல் நிலையங்களுக்கு எண் கொடுத்தது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்கு என்இ7 என்றும் டிடி12 என்றும் இரண்டு குறிகள் உண்டு. ஆறைத் தாண்டினால் ஏழு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். கணினிக்கும் இது வரம். இரண்டு மூன்று எழுத்துக் குறி எந்த இடுக்கிலும் நுழையும்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. தடத்தின் பெயரையோ எண்ணையோ அதன் முனையில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

எண்திசை முறைதான் எப்போதும் சிறந்ததா?

பழக்கத்தில் பிடித்துப்போனது என்பதே உண்மைக்கு நெருக்கம். இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் மேக்ஸ்வெல் ராபர்ட்ஸ் பாரிஸ் மெட்ரோவை முழுக்க வளைகோடுகளால் வரைந்து சோதித்தார். அதிகாரபூர்வப் படத்தைவிட அதில் பயணிகள் வேகமாக வழி கண்டுபிடித்தார்கள். எது பிடித்தது என்று கேட்டபோது வந்த பதில்களோ அந்த வேகத்தோடு ஒத்துப்போகவில்லை. பிடிப்பதும் பயன்படுவதும் வேறு வேறு. பாரிஸ் போலத் தடங்கள் பின்னிக்கிடக்கும் ஊரை எட்டுத் திசைக்குள் அடைத்தால் ஒவ்வொரு தடமும் பத்து இடத்தில் முறியும். மாஸ்கோ தன் வளையத் தடத்தை வட்டமாகவே வரைகிறது; அதை எண்கோணமாக்குவது வீம்பு.

படம் போடும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தந்துவிடாதா?

தரும். பார்க்க மெட்ரோ படம் போலவே இருக்கும். நான் கேட்டு வாங்கிய படங்களில் நிலைய வரிசை மாறியிருந்தது, இல்லாத மாறும் நிலையம் ஒன்று முளைத்திருந்தது, தமிழ் எழுத்துகள் தமிழ் மாதிரி இருந்தன. விதி மீறப்படவில்லை என்று நிரூபிக்க முடியாத படத்தைச் சுவரில் ஒட்ட எனக்குத் துணிவில்லை. விதிகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று கற்பிக்க அந்த நுட்பம் உதவலாம். கோடு போடுவதை விதிக்குக் கட்டுப்பட்ட நிரலே செய்யட்டும்.

நானே செய்து பார்க்க என்ன வேண்டும்?

ஃபிரைபுர்க் குழு ‘லூம்’ என்ற நிரல் தொகுப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. ஜிடிஎஃப்எஸ் கோப்பைக் கொடுத்தால் வலையமைப்பைப் பிரித்தெடுத்து, இணைகோடுகளை வரிசைப்படுத்தி, எண்திசையில் நிமிர்த்தி, படமாக எழுதித் தரும். ஒவ்வொரு படியும் தனி நிரல் என்பதால் நடுவில் புகுந்து திருத்தலாம். வெளியீட்டில் பெயர்கள் படப்புள்ளிகளாக அல்லாமல் எழுத்தாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அப்போதுதான் படிக்கும்.

முதல் ஊராக லண்டனை எடுக்காதீர்கள். 11 தடங்கள், 272 நிலையங்கள், கை ஒடிந்துவிடும். ஐந்தே தடங்கள் கொண்ட வியன்னா நல்ல தொடக்கம். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வருவதால் உங்கள் படத்தை மற்றவர்களுடையதோடு ஒப்பிடலாம்.

வரைந்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நிரல் தரும் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அந்த ஊருக்குப் போயிராத ஒருவரிடம் அச்சடித்துக் கொடுங்கள். ‘இங்கிருந்து அங்கே எப்படிப் போவீர்கள்?’ என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் அவர் விரலைப் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறதோ, எங்கே ஒரு பெயரிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் மாறி மாறிப் போகிறதோ, அங்கே வேலை பாக்கி. என் படங்களை இப்போதெல்லாம் முதலில் சித்தப்பாவிடம்தான் காட்டுகிறேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.